ஒரு வெட்டு பாக்கி

ஷாவ்ஷிங்,
நவம்பர் 24

அன்பு மகள் வென்வென்னுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், சலவை இயந்திரமும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, பெர்கனில் மழை இந்த வாரமாவது ஒரு மணி நேரம் விட்டதா என்று அறிய ஆவலாக இருக்கிறோம். முதலில் ஒரு உறுதிமொழி கொடுத்துவிடுகிறேன். இது காகிதம், இதில் எந்த இணைப்பும் இல்லை, நீ அழுத்த வேண்டிய பொத்தானும் இல்லை, ஆகவே உறையைப் பிரித்த வேகத்தில் மூடிவிடாதே. ஃபோனில் நம் குடும்பக் குழுவின் வாயை நீ அடைத்து வைத்திருப்பது எங்களுக்குத் தெரியும். அம்மாதான் கண்டுபிடித்தாள். அக்டோபரில் மட்டும் உனக்கு நானூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள் அனுப்பியிருக்கிறோம், நீ இரண்டுக்குப் பதில் போட்டிருக்கிறாய், இரண்டும் ஒரே பதில், "அப்பா, வேலையில இருக்கேன்." எனக்கு அதில் வருத்தமில்லை. நூலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் அட்டவணை போட்டவனுக்கு, யாரும் எடுத்துப் பார்க்காத ஒன்றைத் தினமும் அடுக்கி வைப்பது பழகிய வேலைதான். ஆனால் இந்த மாதம் இங்கே நடந்ததைக் குழுவில் போட்டால் நீ பார்க்கமாட்டாய், ஃபோனில் சொன்னால் அம்மா பாதியில் பிடுங்கித் தன்னுடைய பாதியைச் சொல்லிவிடுவாள், அதனால்தான் தபால்தலை ஒட்டுகிறேன். தபால்தலைக்கு ஏதாவது கூப்பன் உண்டா என்று அம்மா தபால் நிலையத்தில் விசாரித்தாள். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்படி ஒரு நிறுவனம் எப்படி நடக்கிறது என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவின் இரத்த அழுத்தம் பரவாயில்லை, மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார், அன்று மாலையே ஆறு பொட்டலம் வாங்கினால் ஆறு இலவசம் என்று உப்பு வந்தது, அவள் விலையைக் குறைத்திருக்கிறாள். என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் கருத்துச் சொல்கிறது. கடுகுக்கீரை காயவைத்து உனக்கு இரண்டு பை எடுத்து வைத்தாயிற்று. நவம்பர் விற்பனைத் திருவிழா முடிந்து பொட்டலங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன, முந்நூறு யுவானுக்கு வாங்கினால் ஐம்பது கழிவு என்பது இந்த வருஷத்துக் கணக்கு. அம்மாவின் கூடை இருநூற்றுத் தொண்ணூற்றாறில் நின்றுவிடும், மீதி நாலு யுவானுக்கு ஒரு சாமான் தேட வேண்டும், நாலு யுவானுக்கு உலகில் கிடைப்பது காது குடையும் குச்சி ஒன்றுதான் போலிருக்கிறது. இப்போது வீட்டில் பத்தொன்பது காது குச்சிகள் இருக்கின்றன. காதுகள் நாலு. போன வருஷம் யாரோ சொன்னார்கள் என்று கூடையை நிரப்ப ஒரு மீன் தொட்டியைச் சேர்த்து, கழிவை வாங்கிக்கொண்டு, தொட்டியை மட்டும் திருப்பி அனுப்பினாள், தொட்டியோடு கழிவும் திரும்பிப் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் நேர்மையாக வாழ்கிறாள்.

நீயும் அங்கே எதையாவது வாங்கிக்கொண்டுதான் இருப்பாய், அதனால் அப்பா கண்டறிந்த சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். ஐந்து நட்சத்திரம் போட்டவனை நம்பாதே, கடைக்காரன் அவன் கையில் இரண்டு யுவான் வைத்திருப்பான். ஒரு நட்சத்திரம் போட்டவனையும் நம்பாதே, அவனுக்கு அன்றைக்கு வீட்டில் சண்டை. மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டு அதற்கான காரணத்தைப் பத்து வரி எழுதியிருப்பான் ஒருவன், அவன்தான் நம் ஆள். கடை போட்ட படத்தைப் பார்க்காதே, வாங்கியவர் தன் சமையலறையில் வைத்து எடுத்த படத்தைப் பார், பின்னால் கழுவாத பாத்திரம் தெரிந்தால் அது உண்மையான படம். கோடு போட்டு அடித்திருக்கும் பழைய விலை கற்பனை இலக்கியம், நான் வேலையில் இருந்திருந்தால் அதற்குத் தனி அலமாரி கேட்டிருப்பேன். பிடித்த பொருளைக் கூடையில் போட்டுவிட்டு மூன்று நாள் முகம் கொடுக்காமல் இரு, கடைக்காரனே இறங்கி வந்து கூப்பன் நீட்டுவான், கல்யாணத்துக்கு முன் அம்மா என்னிடம் கையாண்ட முறை இதுதான். இவ்வளவும் தெரிந்த மனிதனுக்குத்தான் நான் சொல்லப்போவது நடந்தது.

அக்டோபர் நடுவில் நம் சலவை இயந்திரம் நின்றுவிட்டது. தண்ணீர் பிடிக்கும், உறுமும், சுற்றாது. மூன்று வாரம் அம்மா கையால் துவைத்தாள், துவைக்கும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி, "வாங்கிடலாங்க, வெறும் ஆயிரத்து முந்நூறுதானே" என்றாள். படித்தவன் முழு விலை கொடுத்து வாங்குவதா என்று நான் மறுத்துவிட்டேன். நவம்பர் ஆறாம் தேதி மாலை நாலு மணிக்கு, நாங்கள் சாமான் வாங்கும் சிவப்புக் கூடைச் செயலியில் ஒரு சக்கரம் தானாகச் சுற்றியது, பட்டாசு வெடித்தது, நூறு பேரில் ஒருவருக்கே கிடைக்கும் அதிர்ஷ்டம் எனக்குக் கிடைத்திருப்பதாகச் சொன்னது. ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது யுவான் விலையுள்ள புதிய சலவை இயந்திரம். நான் தெரிந்தவர்களுக்கு இணைப்பை அனுப்ப வேண்டும், ஒவ்வொருவரும் அதை அழுத்தி விலையில் ஒரு வெட்டு வெட்ட வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் விலை பூஜ்யத்துக்கு வந்தால் இயந்திரம் சும்மா. முதல் வெட்டு என் கையாலேயே, ஒரே வெட்டில் ஆயிரத்து நூறு யுவான் போய்விட்டது. வென்வென், ஒரு மனிதன் வாழ்நாளில் அப்படி ஒரு பேரம் பேசியிருக்கமாட்டான். நான் எழுந்து நின்றுவிட்டேன். அம்மா கரண்டியோடு ஓடிவந்து பார்த்து, "இன்னும் நூத்துத் தொண்ணூத்தொம்பதுதானா? நம்ம டான்ஸ் குரூப்பே நாப்பத்தெட்டு பேர் இருக்கோமே" என்றாள்.

பூங்காவில் காலையில் ஆடும் அந்த நாற்பத்தெட்டுப் பெண்களும் அன்று மாலைக்குள் வெட்டிவிட்டார்கள், விலை பதினாறுக்கு வந்தது. மறுநாள் காலையில் நான் சந்தைக்குப் போய் மீன்காரரிடம் ஃபோனை நீட்டினேன், மீனை வெட்டிக்கொண்டிருந்த அதே கையால் வெட்டினார், திரை இன்னும் வாடை வீசுகிறது. நூலகத்து ஆட்கள், முடி திருத்துபவர், பல் மருத்துவர் (நான் வாயைத் திறந்தபடியே ஃபோனைக் காட்டினேன், "மொதல்ல வெட்டறேன், அப்புறம் புடுங்கறேன்" என்றார்), பாலத்துக்கு அந்தப் பக்கக் கோயில் பிக்கு, யாரையும் விடவில்லை. ஆசையைத் துறந்தவர் என்று பிக்குவிடம் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன், அவர் பையிலிருந்து ஃபோனை எடுத்து, "உங்களுக்கு நான் வெட்டறேன், ஊதுவத்திக்கு நீங்க ஒண்ணு வெட்டிருங்க" என்று தன் இணைப்பை அனுப்பினார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஆரம்பத்தில் ஒருவர் வெட்டினால் நாலு யுவான் வரை குறைந்தது, பிறகு முப்பது ஃபென், அதாவது யுவானில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, பிறகு ஒரு ஃபென். பிக்கு வெட்டியபோது ஒரு ஃபென்னில் பத்தில் ஒரு பங்கு குறைந்தது, அப்படி ஒரு காசை நான் கண்ணால் பார்த்ததில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு விலை முப்பத்தேழு ஃபென்னில் வந்து உட்கார்ந்துகொண்டது, தரையில் கிடந்தால் குனிந்து எடுக்கத் தோன்றாத தொகை, அதைத் தாண்ட முடியவில்லை. திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. இந்தச் செயலியை இதுவரை ஒருமுறைகூடப் போடாத புதியவர் ஒருவர் வந்தால் அவருடைய வெட்டு பெரிய வெட்டு, அது போதும்.

புதியவரை எங்கே போய்த் தேடுவது? மூன்றாம் மாடியில் தொண்ணூற்றொரு வயசு சுன் தாத்தாவிடம் போனேன், அவருக்கு மூன்று கணக்குகள் இருக்கின்றன, ஒன்று அவர் பூனையின் பெயரில். கீழே பொட்டலங்கள் வந்து சேரும் கடையை நடத்தும் ஃபாங்கிடம் போய், இந்த ஊரில் யாருக்குப் பொட்டலமே வந்ததில்லை என்று கேட்டேன், அவளுக்குத்தான் தெரியும். அவள் பொட்டலங்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, "ஒருத்தர் இருக்கார் சார், ஆனா நீங்க போகமாட்டீங்க" என்றாள். யாரென்று நான் கேட்கவில்லை, தெரியும். அவள் விடாமல், "உங்க அண்ணன்தான் சார். இந்தக் கடை தொறந்து ஆறு வருஷத்துல அவர் பேருக்கு ஒரு கவர் வந்ததில்ல. வாசல் வழியா போனாக்கூட மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுப் போவார்" என்றாள்.

ஜிஷெங் பெரியப்பாவோடு நான் ஏன் பேசுவதில்லை என்று நீ இரண்டுமுறை கேட்டாய், இரண்டுமுறையும் நான் அரிசி விலையைப் பற்றிப் பேசினேன். இப்போது சொல்கிறேன். பாலத்து முனையில் இருந்த அவருடைய மின்சாமான் கடை உனக்கு நினைவிருக்கும், அங்கே அட்டைப்பெட்டிகளின் மேல் வைத்துத்தானே நீ வீட்டுப்பாடம் எழுதினாய். 2015இல் நமக்குச் சலவை இயந்திரம் தேவைப்பட்டது. அண்ணன் கடையில் ஆயிரத்து நானூற்றெண்பது, இணையத்தில் அதே இயந்திரம் எண்பத்தொரு யுவான் குறைவு. நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இணையத்தில் வாங்கினேன். கொண்டுவந்த வண்டி நம் சந்துக்குள் நுழையவில்லை, அண்ணன் கடை வாசலில் நின்றுவிட்டது. கூரியர் ஆள் அண்ணனிடமே தாவ் ஜிமிங் வீடு எது என்று வழி கேட்டிருக்கிறான். அண்ணன் வழி சொன்னார், பெட்டி கனமாக இருக்கிறதே என்று ஒரு கை கொடுத்து இறக்கியும் விட்டார், பெட்டியின் மேல் என் பெயரைப் படித்துப் பார்த்த பிறகு. அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை. இரண்டு வருஷத்தில் கடையை மூடினார். ஒரு இயந்திரத்தால் ஒரு கடை மூடாது என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டேன், அது உண்மையும்கூட, அந்தத் தெருவில் வந்திறங்கிய முதல் பெட்டி என்னுடையது என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. நீ நார்வேக்குக் கிளம்பிய அன்று அவர் வரவில்லை, நானும் அழைக்கவில்லை. இதெல்லாம் முப்பத்தேழு ஃபென்னுக்கு முன்னால் நின்றபோது ஒரேயடியாக நினைவுக்கு வந்தது. அதுவரை வந்ததில்லை என்று சொன்னால் அது பொய், வந்தது, ஆனால் காரணம் இல்லாமல் எப்படிப் போவது? ஒன்பது வருஷம் கழித்து ஒரு வீட்டுக்குப் போக ஒரு காரணம் வேண்டாமா? இப்போது இருந்தது, அதுவும் நாலு மணியோடு முடிகிற காரணம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அவள் என் சாம்பல் நிறச் சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டாள், ஒரு பையில் சீமைப்பனிச்சம் பழங்களை அடுக்கிக் கையில் கொடுத்து, "மெஷினப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி பழத்தக் குடுங்க, பழத்தக் கையில வெச்சிக்கிட்டே பேசாதீங்க" என்றாள். வழியில் சொல்ல வேண்டியதை நாலு பத்தியாகத் தயார் செய்துகொண்டு போனேன். கதவைத் திறந்த அண்ணி என்னைப் பார்த்ததும், "ஐயய்யோ, யாரு செத்துட்டா?" என்றார். உள்ளே அண்ணன் ஒரு மின்விசிறியைப் பிரித்து மேசை முழுக்கப் பரப்பி உட்கார்ந்திருந்தார், தலை நிமிரவில்லை, "யாரும் சாகலன்னா உள்ள வந்து உக்காரச் சொல்லு, காத்து வருது, ஸ்க்ரூ உருளுது" என்று அண்ணியிடம் சொன்னார். நான் உட்கார்ந்தேன். நாலு பத்தியும் போன இடம் தெரியவில்லை. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "அண்ணே, நீங்க ஒரு வெட்டு வெட்டணும்" என்றேன். கையிலிருந்த திருப்புளியை அவர் மெதுவாகக் கீழே வைத்து, "யாரைடா?" என்றார்.

விளக்கிச் சொன்னேன். சக்கரம், பட்டாசு, நாற்பத்தெட்டு நடனக்காரிகள், மீன்காரர், பிக்கு, எல்லாம். முப்பது வருஷம் கடை நடத்தியவர் கேட்கிற மாதிரி கேட்டார், முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. முடிவில், "ஆயிரத்து முந்நூறு யுவான் மெஷின சும்மா குடுக்கறானா? அவங்கப்பன் வீட்டு மெஷினா?" என்றார், பிறகு, "ஊரெல்லாம் சுத்திட்டு மிச்சம் ஒருத்தன் இருக்கான்னு இங்க வந்திருக்கே" என்றார். ஆமாம் என்றேன். அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, வெட்டறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. அன்னிக்கு வாங்கினியே ஒரு மெஷின், அது என் கடைய விட எவ்வளவு கம்மி?" என்று கேட்டார். எண்பத்தொன்று என்று ஒன்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன், உன்னிடமும் சொல்லியிருக்கிறேன், அம்மாவிடமும்தான். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணி தேநீர்க் குவளையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார், சுவர்க் கடிகாரம் மூன்றே கால் காட்டியது. "பதினாலு யுவான் அதிகம், அண்ணே" என்றேன்.

உண்மை அதுதான், வென்வென். அந்த விலைக்கு அவர்கள் கொண்டுவருவது வாசலோடு சரி, மாடிக்குத் தூக்க முப்பது கேட்டார்கள், குழாயில் மாட்டும் பைப் தனி, இருபத்தைந்து, மாட்டிவிட வந்தவன் நாற்பது வாங்கினான். என் வாழ்க்கையில் நான் பெருமையடித்துக்கொண்ட ஒரே பேரம் நஷ்டப் பேரம். அண்ணன் என்னைப் பார்த்தார், முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "தெரியும்" என்றார். "இந்த யாவாரத்துல கூலி ரேட்டெல்லாம் எனக்குத் தெரியாதா, அன்னிக்கு சாயங்காலமே ஒரு பில்லு பின்னாடி கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். பதினாலு. வருவான், அவனே வந்து சொல்லுவான்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஒம்பது வருஷம் ஆச்சு ஐயாவுக்கு. லைப்ரரியில இருந்தவனாச்சே, தேடி எடுக்க நேரம் ஆகும்." நான் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் கொஞ்சம் இறங்கி, "உனக்கு ஆயிரத்து இருநூறுக்குக் குடுத்திருப்பேன்டா. நானே நாலு மாடி தூக்கிட்டு வந்து மாட்டியும் விட்டிருப்பேன். நீ கேக்கல" என்றார். அப்போது அண்ணிதான் முதலில் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு, "பதினாலு கூடக் குடுத்து ஒம்பது வருஷம் எங்ககிட்டத் திட்டும் வாங்கியிருக்கியே தம்பி" என்று. அண்ணன் "பதினாலு!" என்று மேசையில் ஒரு அடி அடித்தார், மின்விசிறியின் திருகுகள் எல்லாம் தரையில் சிதறின, மூன்று பேரும் மண்டியிட்டுத் திருகு பொறுக்கிக்கொண்டே சிரித்தோம். சிரித்ததில் எனக்கு இருமல் வந்தது, அவர் முதுகில் தட்டினார், தேவைக்கு மேலேயே பலமாகத் தட்டினார்.

பிறகு அவர் ஃபோனில் செயலியை இறக்கினோம். அந்த ஃபோனை அவர் வானிலை பார்க்கவும் நாடகப் பாட்டு கேட்கவும் மட்டுமே வைத்திருந்தார். சம்மதம் என்ற பொத்தானை அழுத்தச் சொன்னேன், "எதுக்குச் சம்மதம்?" என்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிபந்தனைகளைப் படிக்க ஆரம்பித்தார். முழுக்கப் படித்தார். மனிதகுலத்தில் அதைச் செய்த இன்னொருவரை நான் அறியேன். இருபத்திரண்டு நிமிஷம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் தொடர்புப் பட்டியலைப் பார்க்கலாமா என்று செயலி கேட்டபோது, என் பக்கம் திரும்பி, "பாரு, வழிப்போக்கன், இவன்கூட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யறான்" என்றார். நாலு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது ஆள்காட்டி விரலை நீட்டி வெட்டினார். பட்டாசு, மேளம், தங்க நாணய மழை. முப்பத்தாறு ஃபென் குறைந்தது. மிச்சம் ஒரு ஃபென். இன்னும் ஒரே ஒரு புதிய நண்பர் போதும் என்றது திரை. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "நானும் முப்பது வருஷம் யாவாரம் பண்ணியிருக்கேன், இவன் கால்ல விழணும்டா" என்றார். நாலு மணிக்கு இயந்திரத்தின் படம் சாம்பல் நிறமாயிற்று, என் சட்டையோடு பொருந்திப் போயிற்று. அழ வேண்டிய நேரம், எங்கள் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை, பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, அண்ணி கேட்டதையே கேட்டார், யாராவது போய்விட்டார்களா என்று.

சிரிப்பு ஓய்ந்த பிறகுதான் அண்ணன் கேட்க வேண்டியதைக் கேட்டார், "ஆமா, பழைய மெஷினுக்கு என்ன?" உறுமுகிறது, சுற்றவில்லை என்றேன். "பெல்ட்டுடா அது! பெல்ட்டு போனதுக்கு ஊர்ல எழுபது பேர் கிட்ட வெட்டு வாங்கினியா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் அவர் திரையில் ஏதோ மின்னியது, புதிதாகச் சேர்ந்தவர் முதல் பொருளை ஒரு ஃபென்னுக்கு வாங்கிக்கொள்ளலாம், கூரியர் கூலியும் இல்லை. அண்ணன் கண்ணாடியை மறுபடி மாட்டினார். ஐந்நூறு சாமான்களுக்கு நடுவே தேடித் தேடி, இயந்திரத்தின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லி (எத்தனை விற்றிருப்பார்!), ஆறு யுவான் பெல்ட்டை ஒரு ஃபென்னுக்கு வாங்கினார். அறுபத்தெட்டு வயசில் அவர் இணையத்தில் வாங்கிய முதல் பொருள் நம் வீட்டு இயந்திரத்துக்கு. எனக்குப் பற்றாமல் போன அதே ஒரு ஃபென், அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் நாள் அவர் ஃபாங்கின் கடைக்குப் பொட்டலம் வாங்க வந்தபோது ஃபாங் எழுந்து நின்றுவிட்டாளாம். அங்கிருந்து நேரே பழைய கருவிப்பெட்டியோடு நம் நாலு மாடியும் ஏறினார், ஒவ்வொரு மாடியிலும் நின்று, "முப்பது கம்மிடா, அறுபது கேட்டிருக்கணும் அவன்" என்று கத்திக்கொண்டே ஏறினார். அம்மா கதவைத் திறந்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டாள், அடுப்பு எரியவில்லை, எனக்குத் தெரியும். பத்து நிமிஷ வேலை. தட்டைத் திறந்தார், பழைய பெல்ட்டை எடுத்துப் போட்டார், புதியதை மாட்டினார், இயந்திரம் சுற்றியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முக்காலி போட்டு, உள்ளே என் கால்சட்டைகள் சுற்றுவதை ஒரு முழுத் துவைப்பு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம், ஐம்பத்தைந்து நிமிஷம். அது நின்றதும் அவர் கையை நீட்டினார். "மாட்டற கூலி." எவ்வளவு என்றேன். "பதினாலு." ஃபோனில் அனுப்பப் போனேன், வேண்டாம், காகிதமாக வேண்டும் என்றார், இந்தக் காலத்தில் யாரிடம் இருக்கிறது, அம்மா அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். அண்ணன் எண்ணிப் பார்த்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்து அதன்மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "சாப்பாடு இருக்கா?" என்றார். கடுகுக்கீரைப் பன்றிக்கறி, விலாங்கு மீன், எல்லாம் இருந்தது. மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டார். உன்னைப் பற்றித்தான் நிறையக் கேட்டார், முதலில் கேட்டது, அந்த மழை ஊரில் நீ துணியை எப்படிக் காயவைக்கிறாய் என்று.

இரண்டு நாள் கழித்து மேசை இழுப்பறையில் பசை தேடினேன், அம்மாவின் பழைய ஃபோன் கிடந்தது, உள்ளே தனி எண் உள்ள சிம் அட்டையோடு, முழுச் சார்ஜோடு. எடுத்துப் பார்த்தேன், அதில் சிவப்புக் கூடைச் செயலி போடப்பட்டதே இல்லை. முழுப் புத்தம் புதிய ஆள் ஒன்று அந்த இருபத்துநாலு மணி நேரமும் என் மேசைக்குள்ளேயே இருந்திருக்கிறது. இது இருக்கிறதென்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அம்மா காது குச்சிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள், நிமிராமலே, "நீங்க கேக்கலையே" என்றாள். இந்தக் குடும்பத்தில் எல்லாரும் ஒரே பதிலை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், நான்தான் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

சரி, கடிதம் நீண்டுவிட்டது. கம்பளிக் காலுறை போட்டுக்கொள், காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே, சூடாக ஏதாவது சாப்பிடு, வாங்குவதற்கு முன் மூன்று நட்சத்திரக்காரரைப் படி. கேட்க வேண்டியதை யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தால் சீக்கிரம் கேட்டுவிடு, அதற்குக் கூப்பன் வராது. நீ நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும், உன் வீட்டில் அரிசிப் பானையும் சிரிப்பும் குறையக்கூடாது, இது அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சொல்வது, அம்மா பின்னால் நின்று படித்துச் சரி என்று சொல்லிவிட்டாள். இன்னும் ஒரே ஒரு விஷயம். உன் எண்ணைப் பெரியப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் அவரிடமிருந்து உனக்குச் செய்தி வந்திருக்கும், நலமா என்றெல்லாம் இருக்காது, வெறும் இணைப்பு மட்டும் இருக்கும். துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்றைச் சக்கரத்தில் பிடித்திருக்கிறார், பெர்கனுக்காம். அவ்வளவு தூரம் அனுப்பமாட்டார்கள் என்று எவ்வளவோ சொன்னேன், அனுப்பமாட்டோம் என்று நிபந்தனைகளில் எங்குமே இல்லை என்கிறார், முழுக்கப் படித்தவர் அவர்தான், நான் என்ன வாதாடுவது? இருபத்துநாலு மணி நேரம் முடிந்திருந்தாலும் பரவாயில்லை, தோற்றால் மறுநாளே புதிதாக ஆரம்பிக்கிறார். நாங்கள் அனுப்பிய நானூற்றுப் பன்னிரண்டையும் மன்னித்து மறந்துவிடு. அது ஒன்றை மட்டும் திற. பெரியப்பாவுக்கு ஒரு வெட்டு வெட்டிவிடு, மகளே.

என்றும் உன் நினைவாக,
அப்பா
தாவ் ஜிமிங்